திண்டிவனத்துக்கு முன்னாலேயே தெரிய வேண்டும்

3 டிசம்பர் 2024, செவ்வாய்

இவர் இன்று மதியம்தான் வீடு வந்து சேர்ந்தார். ஊரில் கல்யாணம் முடிந்து ஞாயிறு இரவு திருநெல்வேலியில் கிளம்பியவர், நேற்று விடிகாலையில் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். அங்கே ஒரு லாரிக்காரர், "அரசூர்ல ரோட்டு மேல தண்ணி ஓடுது சார், போகாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சென்னை–திருச்சி சாலையே நின்றுபோனது. இவர் உளுந்தூர்பேட்டையிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

அந்த நேரத்தில் செல்போன் வரைபடத்தில் அரசூர் பக்கம் சிவப்பே இல்லையாம். யோசித்தால் காரணம் புரிகிறது. வரைபடம் சாலையைப் பார்ப்பதில்லை, அதில் ஓடும் போன்களின் வேகத்தைத்தான் பார்க்கிறது. வண்டியே போகாத இடத்தில் அளக்க என்ன இருக்கிறது? யாராவது புகார் செய்தால் அல்லது போலீஸ் சொன்னால்தான் "சாலை மூடல்" என்று வரும். அதற்கு முன்பே அங்கே போய்ச் சேருகிறவர்கள் பாவம்.

பொங்கலுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு இதே சாலையில்தான் போகப்போகிறோம். இந்த முறை போக்குவரத்து நிலவரத்தைக் கொஞ்சம் முறையாகக் கவனித்து எழுதிவைக்க வேண்டும்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

சாயங்காலம் உட்கார்ந்து பாதையைத் தாளில் எழுதினேன். ஊர்களை அல்ல, பிரியும் இடங்களை. நெடுந்தூரப் பயணத்தில் முன்னே நெரிசல் என்று தெரிவதால் மட்டும் பயனில்லை. திரும்புவதற்கு வழி இருக்கும் இடத்திலேயே தெரிய வேண்டும். நான்கு வழிச்சாலையில் நடுவில் மாட்டிக்கொண்ட பிறகு திரை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் வேடிக்கைதான் பார்க்கலாம்.

என் தாளில் இருப்பவை: மேடவாக்கத்திலிருந்து கிளம்பும்போதே தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையா, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை வழியாகத் திருப்போரூரா. திண்டிவனத்தில் செஞ்சி பக்கமும் மரக்காணம் பக்கமும். உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை. திருச்சியில் விராலிமலை வழியா, திண்டுக்கல் வழியா. மதுரையில் விருதுநகர் வழியா, இல்லை அருப்புக்கோட்டை, எட்டயபுரம் போய்க் கோவில்பட்டியில் ஏறுவதா. இந்த இடங்களுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் பார்த்தால் போதும். மற்ற நேரமெல்லாம் போனைத் தொட வேண்டியதே இல்லை.

மகள் ஒரு செய்தி காட்டினாள். 2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்போன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். காலிச் சாலை கூகுள் மேப்ஸில் சிவப்பாகிவிட்டது. அரசூரில் நடந்ததற்கு நேர் எதிர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நிறம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவாகிறது. மெதுவாகப் போகிறார்கள் என்று சொல்கிறது. ஏன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

இன்னொன்று: நெட் கிடைக்காத இடத்துக்கு என்று வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்கிறோம். அது வழி காட்டும், நேரடி நெரிசலைக் காட்டாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் எனக்கு நிறையப் பேர்.

10 ஜனவரி, வெள்ளி

இன்று இரவு கொழுந்தன் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பிவிட்டார். எங்களுக்கு முன்னால் போகிறவர் ஒருவர் இருப்பது பெரிய பலம். எட்டு மணி நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் லொக்கேஷனைப் பகிரச் சொன்னேன். வெறுமனே "டிராஃபிக் எப்படி?" என்று கேட்டால் "செம டிராஃபிக் மதினி" என்றுதான் பதில் வரும். அதனால் குறிப்பாகக் கேட்டேன்: வண்டி நிற்கிறதா, ஊர்கிறதா? டோல்கேட்டாலா, விபத்தாலா, சாலை வேலையாலா? போலீஸ் நின்று திருப்பிவிடுகிறார்களா?

பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "சிங்கப்பெருமாள் கோயில் தாண்ட ஒன்றரை மணி நேரம். ஊருது மதினி, நிக்கல. பரனூர் டோல்தான் காரணம்."

ஆண்டுதோறும் பொங்கல் நேரத்தில், கார்கள் தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகப் போகாமல் ஓ.எம்.ஆர்., திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போகச் சொல்லி அறிவிப்பு வருகிறது. எங்களைப் போலத் தென்சென்னையில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல யோசனை இல்லை. பரனூர் டோல்கேட்டே வழியில் வராது.

இன்று வைகுண்ட ஏகாதசி, ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பு. நாளை நாங்கள் திருச்சியைத் தாண்டும்போதும் கூட்டம் இருக்கும். ஊருக்குள் நுழையாமல் போய்விட வேண்டும்.

11 ஜனவரி, சனி

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். திருப்போரூர் வரை தடையே இல்லை. அங்கிருந்து செங்கல்பட்டுக்கு இருவழிச் சாலை, இருட்டு, இவர் நிதானமாக ஓட்டினார். ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியபோது ஓட்டம் நன்றாகவே இருந்தது. ஆத்தூர் டோல்கேட்டில் மட்டும் வரிசை. ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமாகி இத்தனை காலம் ஆகிறது, அதே ஆண்டு வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் வண்டிகளைக் கட்டணமின்றி விட வேண்டும் என்றும் நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது. 2024-ல் அந்தச் சலுகையையும் விலக்கிக்கொண்டார்கள். பண்டிகை நாளில் காத்திருக்க வேண்டியதுதான்.

திண்டிவனம் பச்சை, விழுப்புரம் பச்சை. அரசூரைக் கடக்கும்போது மூவரும் பேசாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தோம்.

பெரம்பலூர் தாண்டியதும் பாடாலூருக்கு முன் கருஞ்சிவப்பு. நாற்பது நிமிடத் தாமதம் என்று காட்டியது. உள்ளூர்ச் சாலை ஒன்றில் இறங்கச் சொல்லி மாற்று வழியும் கொடுத்தது. இறங்கலாமா என்று இவர் கேட்டார். நான் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி, எதிர்த்திசையிலிருந்து வந்து நின்ற அரசுப் பேருந்தின் நடத்துநரிடம் விசாரித்தேன். "லாரி சாஞ்சு கெடக்கும்மா. கிரேன் வந்துருச்சு, இழுத்துக்கிட்டு இருக்காங்க." அப்படியானால் தீர்வு வந்துவிட்டது. கிரேன் வராத விபத்தும் கிரேன் வந்த விபத்தும் திரையில் ஒரே நிறம்தான், ஆனால் நம் முடிவு வேறு. நாங்கள் அங்கேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்போது சிவப்பு ஆரஞ்சாகியிருந்தது.

நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐயும் இப்படிப்பட்ட நேரத்தில் கூப்பிடலாம். விபத்தைச் சொல்வதற்கும் அதுதான் எண்.

சமயபுரத்துக்கு அப்புறம் நான் ஓட்டினேன், போன் மகள் கைக்குப் போனது. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி ஓட்டுநர் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் திருத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. சட்டம் அனுமதிக்கட்டும், நான் அனுமதிக்க மாட்டேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 28 மீட்டர் போகிறது. திரையில் நிறத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வினாடி போதாது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் ஓரம் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் குரலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதுரை சுற்றுச்சாலை, கப்பலூர், சாத்தூர், கயத்தாறு எல்லாம் சுலபம். மூன்று மணிக்கு வீட்டு வாசலில்.

16 ஜனவரி, வியாழன்

இன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையை நாளைக்குத் தள்ளிவிட்டோம். சில நெரிசலுக்கு நேரடித் தகவல் தேவையில்லை, நாள்காட்டி போதும்.

18 ஜனவரி, சனி

திரும்பும் பயணம்தான் உண்மையான சோதனை. போகும்போது ஆளுக்கொரு நாளில் போகிறார்கள், வரும்போது எல்லோருக்கும் திங்கள்கிழமை வேலை. அதனால் ஞாயிறை விட்டுவிட்டு இன்று காலை ஐந்து மணிக்கே கிளம்பினோம். அப்படியும் மூன்று மணிக்கு விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன.

அங்கேயே மகளைப் பார்க்கச் சொன்னேன். ஆத்தூர் கருஞ்சிவப்பு, பரனூர் கருஞ்சிவப்பு, பெருங்களத்தூரும் அப்படியே. மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் ஐம்பது நிமிடம் மிச்சம் என்று காட்டியது. பத்து, பதினைந்து நிமிடம் மிச்சமாகும் என்றால் நான் நான்கு வழிச்சாலையை விட்டு இறங்க மாட்டேன். ஊர்ச்சாலையில் வேகத்தடை, ஆடு மாடு, எதிர் வெளிச்சம், ஒரு லாரி குறுக்கே நின்றால் முடிந்தது. அதோடு, நமக்குக் காட்டும் அதே வழியைப் பின்னால் வருகிறவர்களுக்கும் காட்டுகிறது. நாம் பாதி தூரம் போவதற்குள் அதுவும் சிவந்துவிடும். ஐம்பது நிமிடம், பகல் வெளிச்சம், வீடு மேடவாக்கம் என்ற மூன்றும் சேர்ந்ததால் திண்டிவனத்தில் பாதை மாறினோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது நல்ல வெயில். சாலை விரிவாக்க வேலை நடக்கும் இடங்களில் நின்று நின்று வந்தோம். கோவளத்தில் திரும்பிக் கேளம்பாக்கம் வழியாக இருட்டும் நேரத்துக்கு வீடு. காட்டிய ஐம்பது நிமிடத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

எங்களோடு விக்கிரவாண்டியில் நின்ற எத்தனையோ கார்களில் வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தாம்பரம் பக்கம் வீடாக இருக்கும், வேறு வழியில்லை. ஆனால் ஓ.எம்.ஆர். பக்கம் போகிறவர்களும் ஆத்தூர் வரிசையில் போய்ச் சேர்ந்துதானே இருப்பார்கள். அவர்களை முன்பே பிரித்துவிட்டால் மற்றவர்களுக்கும் சாலை இளகும்.

19 ஜனவரி, ஞாயிறு

கொழுந்தன் இன்று நண்பரின் காரில் வருகிறார். விழுப்புரம் தாண்டியதும் போன் செய்தார். நேற்று வந்த பாதையைச் சொல்லவில்லை, இப்போதைய நிலவரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மரக்காணம் சாலையும் ஆரஞ்சாகிவிட்டது, இருட்டவும் தொடங்கிவிட்டது. "நேரா வாங்க, திருப்பாதீங்க. அச்சிறுபாக்கத்துல சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க" என்றேன். நண்பர் வீடு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் என்பதால் பெருங்களத்தூர் பிரச்சினை அவர்களுக்கு இல்லை.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். கேட்பது ஒன்றுதான். பண்டிகை நாட்களில், சென்னை வரும் திசையில், விக்கிரவாண்டி டோல்கேட்டிலேயே ஒரு மின்பலகை. அதில் ஆத்தூர், பரனூர் காத்திருப்பு எவ்வளவு, காரணம் என்ன, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் எங்கே திரும்ப வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத வேன் ஓட்டுநருக்கும் அது தெரியும். பலகையைத் திண்டிவனம் தாண்டி வைத்துவிடக் கூடாது என்று தனியாக ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

இரவு 9.40. அச்சிறுபாக்கத்தில் சாப்பிடுகிறார்களாம்.