இல்லை என்று காட்டப் போனவர்

ஸ்வீடன் கணிதவியலாளர் லென்னார்ட் கார்லசன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

ஒரு சார்பை (function) சைன், கொசைன் அலைகளாகப் பிரித்துவிட்டுத் திரும்பக் கூட்டினால் பழைய சார்பு கிடைக்குமா? இந்த வழியைப் பிரபலமாக்கிய பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியர் காலத்துக் கேள்வி; அந்த அலைகளின் கூட்டலுக்கு ஃபூரியர் தொடர் என்றே பெயர். தொடர்ச்சியான சார்பிலேயே ஏதாவது ஒரு புள்ளியில் கூட்டல் கைவிட்டுவிடலாம் என்று 1873-லேயே தெரியும். அப்புறம் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகோரோவ், அப்போது 19 வயதுப் பையன், கிட்டத்தட்ட எந்தப் புள்ளியிலுமே ஒரு மதிப்பை நோக்கிச் சேராத ஃபூரியர் தொடர் ஒன்றைக் கட்டிக் காட்டினார். அந்தச் சார்பு தொடர்ச்சியானதல்ல என்பதுதான் மிச்சமிருந்த ஆறுதல்.

சரி, தொடர்ச்சியான சார்புக்கும் அப்படி ஒன்று கட்டிவிடலாம் என்று கார்லசன் வருடக்கணக்கில் முயன்றார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இடறியது. அந்த இடறல் தற்செயல் இல்லை என்று உறைத்ததும், அதையே பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். 1966-ல் நிரூபணம் வந்தது: கூட்டல் பொய்க்கும் புள்ளிகள் இருக்கலாம், ஆனால் அவை எல்லாம் சேர்ந்து கோட்டில் பிடிக்கும் மொத்த நீளம் பூஜ்யம். கணிதத்தின் உயரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது 2006-ல். நாற்பது வருடம்!

கட்டுரை 23 பக்கம்தான். ஒரு கோடை விடுமுறையில் தைரியமாக உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பென்சில் இன்னும் அங்கேயே இருக்கிறது.