தாய்ஷான் பாட்டியும் என் முழங்காலும்

சீனாவின் தாய்ஷான் மலையிலிருந்து திரும்பி நாலு நாளாகிறது. இன்னும் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். அம்மா வெந்தயத்தை ஊறப் போட்டபடியே, "கேபிள் கார்ல வாடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்கிறாள்.

அடித்துக்கொண்டாள்தான். ஐந்து யுவான் நோட்டைத் திருப்பி, அதில் இருக்கிற மலையைக் காட்டி, "இதுல ஏறாம ஷாங்காய்ல இருந்து என்ன பிரயோஜனம்?" என்று வீரம் பேசியது நான். 6,000 படிக்கு மேல் என்பது அடிவாரத்தில் வெறும் எண். அம்மாவைப் பக்கத்து ஃப்ளாட் சேச்சியோடு கேபிள் காருக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காலை உதறிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி மலை தாண்டியதும் பைன் மரம். கி.மு. 219-இல் இங்கே வந்த சின் வம்சத்து முதல் பேரரசர் மழைக்கு இதன் அடியில் ஒதுங்கினாராம். நன்றிக்கடனாக, ஒதுங்கிய மரத்துக்கு அரசுப் பதவி! பரீட்சை கிடையாது, நேர்காணல் கிடையாது. குரூப் ஃபோர் மூன்று தடவை எழுதிவிட்டுக் கடைசியில் ஷாங்காயில் வந்து விழுந்தவனுக்கு வயிறு எரியுமா, எரியாதா? அந்த அசல் மரம் என்றைக்கோ வெள்ளத்தோடு போய்விட்டது. இப்போது நிற்பது பிறகு நட்டதாம். வாரிசு வேலை வேறு!

அப்புறம் பதினெட்டு வளைவு. வளைவு என்று பெயர்தான், சுவரில் ஏணி சாத்தியது போல 1,600 படிகளுக்கு மேல். உச்சியில் தெற்கு வான வாசல் தெரிகிறது. ஏற ஏற அதுவும் ஏறுகிறது. வெள்ளரிக்காய் விற்பவரிடம் ஒன்று வாங்கித் தின்று, இன்னொன்று வாங்கி, அந்தச் சாக்கில் உட்கார்ந்தேன். ஊதுபத்திக் கட்டோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். திரும்பி "ஜியாயோ!" என்றார். நேர் அர்த்தம் எண்ணெய் ஊற்று. உற்சாகப்படுத்தச் சொல்வது. எனக்கென்னவோ என் முழங்காலைப் பார்த்துச் சொன்னதாகவே பட்டது.

மேலே பீஷியா அம்மன் கோயில். சீனத்துத் தாவோ மதத் தெய்வம், பிள்ளை வரம் தருபவள். ஊர்க்காரர்களுக்கு வெறும் 'தாய்ஷான் பாட்டி'. மலைக்காற்றுக்குத் தாங்கவேண்டும் என்று கூரைக்குச் செம்பிலும் இரும்பிலும் ஓடு போட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, புடவைக்கு மேல் வாடகைப் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு அம்மா வெளியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அதே ஊதுபத்திப் பாட்டி. இவள் தன் முழங்காலைத் தேய்த்துக் காட்ட, அவர் தன்னுடையதைத் தட்டிக் காட்டுகிறார். சேச்சி ஓரமாக நின்று வீடியோ எடுக்கிறார்.

"என்னம்மா பேசுனீங்க ரெண்டு பேரும்?"

"அவங்க பையனும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவானாம்."

இவளுக்குச் சீனம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து பாதி வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினாள். அது எனக்கு மூன்றாவது.