எப்போது தெரிந்தது?

ஒரு கிணற்றின் ஆய்வு முடிவு கைக்கு வந்த பிறகு, அந்தத் தண்ணீரைக் குடிப்பவரிடம் சொல்லாமல் அதை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? இதைப் பற்றி எங்கள் குழுத் தலைவருக்கும் எனக்கும் நடந்த பேச்சு அரை மணி நேரம்கூட இருக்காது. வேலை மாறி, ஊர் மாறி வந்த பிறகும் அது என்னை விடவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அதே காரணங்களை மனம் ஏற்க மறுக்கும்.

அவர் தினே பெண்மணி. வெளியுலகம் நவாஹோ என்று அழைக்கும் அமெரிக்கப் பழங்குடி மக்களில் ஒருவர். நியூ மெக்சிகோவில் ஷிப்ராக் பக்கம் பிறந்தவர். அப்பா யுரேனியச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் குழாய் கிடையாது. பிக்கப் வண்டியில் பீப்பாய்களை ஏற்றிப் போய்த் தண்ணீர் பிடித்து வருவது அவருடைய சிறு வயது வேலை. நீரியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு எங்கெங்கோ வேலை கிடைத்தும் போகவில்லை. தன் மக்களின் கிணறுகளைப் பரிசோதிப்பதிலேயே இருபது வருடங்களுக்கு மேல் கழித்துவிட்டார். நான் அவரிடம் வேதியியல் தெரிந்த ஆளாகச் சேர்ந்தேன். மாதிரி எடுப்பது, கருவியில் ஓட்டுவது, எண்ணைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பது அவர் பொறுப்பு. அந்த ஒரு கிணறு வரும்வரை இந்தப் பிரிவினை எனக்கு இடைஞ்சலாகத் தெரிந்ததே இல்லை.

அது ஆடு மாடுகளுக்காகப் போட்ட காற்றாடிக் கிணறு. ‘கால்நடைக்கு மட்டும்’ என்ற பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் விழும் இரும்புக் குழாயில் யாரோ ஒரு ரப்பர் குழாயைச் செருகிக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். அதன் முனையில் துவைத்த வெள்ளைத் துணி இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தது. ஆட்டுக்கு யாரும் துணி கட்டி வடிகட்டுவதில்லை. குப்பியை நிரப்பும்போதே இது வீட்டுக்குப் போகிற தண்ணீர் என்று தெரிந்துவிட்டது.

மாதிரியைக் கருவியில் ஓட்டியபோது ஆர்சனிக் லிட்டருக்கு முப்பது மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு 10. யுரேனியம் அதன் வரம்பான 30-க்குள் இருந்தது. மறுபடி ஓட்டினேன். எண் அசையவில்லை. அதிர்ச்சி அடைய இதில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். நவாஹோ நிலத்தில், யாருடைய கண்காணிப்பிலும் இல்லாத 464 நீர் ஆதாரங்களின் தரவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. சுமார் 15 சதவீதத்தில் ஆர்சனிக் வரம்பை மீறியிருந்தது, சுமார் 13 சதவீதத்தில் யுரேனியம். 1944 முதல் 1986 வரை அங்கே தோண்டியெடுத்த யுரேனியத் தாது ஏறக்குறைய மூன்று கோடி டன். கைவிட்டுப் போன சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். ஆனால் ஆர்சனிக் முழுவதையும் சுரங்கத்தின் தலையில் கட்ட முடியாது, பல இடங்களில் பாறையிலேயே இருக்கிறது. இந்த வரம்பும் பழையதல்ல. 2006-க்கு முன்னால் அது 50. அந்தக் கணக்குப்படி இதே தண்ணீர் நல்ல தண்ணீர்.

இதெல்லாம் தெரிந்தும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“அந்த வீட்டுப் பேத்தி நம்பர் கொடுத்திருக்கிறார். இப்போதே சொல்லிவிடட்டுமா?”

“என்ன சொல்வீர்கள்?”

“அதைக் குடிக்க வேண்டாம் என்று.”

“சரி. அப்புறம் எதைக் குடிப்பார்கள்?”

அதை அவர்கள் முடிவு செய்யட்டும், தெரிந்துகொள்வது அவர்கள் உரிமை என்றேன். அவர் குரல் உயரவில்லை. ஆர்சனிக் வருடக்கணக்கில் சேர்ந்து கெடுப்பது, சில வாரங்களில் அந்த வீட்டில் எதுவும் மாறாது, ஆனால் பயம் இன்று ராத்திரியே உள்ளே போய் உட்கார்ந்துவிடும் என்றார். பக்கத்தில் நல்ல தண்ணீர் எங்கே, வண்டி யாரிடம் இருக்கிறது, ஊர் மன்றம் என்ன உதவி செய்யும் என்பதையெல்லாம் முடித்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

அப்போதுதான் அதைக் கேட்டேன். “உங்கள் அப்பாவிடமும் இப்படித்தானே சொல்லாமல் வைத்திருந்தார்கள்?”

அந்த வரலாறு அங்கே எல்லோருக்கும் தெரியும். 1950 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நிலையைப் பல வருடங்கள் ஆய்வு செய்தது. கதிர்வீச்சின் ஆபத்தை அவர்களிடம் சொல்லவில்லை. இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1990-ல்தான். அதற்குள் நுரையீரல் புற்றுநோயில் எத்தனையோ வீடுகள் ஆளை இழந்திருந்தன. அவர் வீடும் ஒன்று.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “என் அப்பாவிடம் சொல்லாமல் இருந்தவர்களும், பின்னால் வந்து என் அம்மா கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனவர்களும் எனக்கு ஒன்றுதான்” என்றார்.

நான் கேட்டதற்கு வருந்தவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் அவர் பதிலுக்கு எதிராக எதையும் என்னால் வைக்க முடியவில்லை, இன்றைக்கும் வைக்க முடியவில்லை.

சொன்னபடியே செய்தார். சில வாரங்கள் ஆனது, ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. குழாய்த் தண்ணீர் பிடிக்கும் இடம், புதுப் பீப்பாய்கள், வாரம் ஒருமுறை கொண்டுவர ஒப்புக்கொண்ட உறவுக்காரர் என எல்லாம் பேசி வைத்திருந்தார். வீட்டுக்குள் போனதும் முதலில் தன் அம்மா வழிக் குலம், அப்பா வழிக் குலம் எல்லாம் சொல்லி உறவு பார்த்தார்கள். பாட்டியை ‘ஷிமாசானி’ என்று அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். விறகு அடுப்பில் நீல எனாமல் காபிக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் தினே மொழியில்தான் நடந்தது, பேத்தி எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாட்டி பதறவில்லை. தண்ணீரை எப்போதும் நன்றாகக் காய்ச்சித்தான் குடிப்பதாகச் சொன்னார். அது என்னைக் குத்தியது. காய்ச்சினால் ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப்போக மீதித் தண்ணீரில் செறிவு கூடத்தான் செய்யும். போனில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக் கூடியது இது. எங்கள் தலைவர் அதைப் பொறுமையாக விளக்கினார்.

பிறகு பாட்டி கேட்டார்: “உங்களுக்கு எப்போது தெரிந்தது?”

அவர் தேதியைச் சொன்னார். மழுப்பவில்லை, காரணமும் சேர்க்கவில்லை. பாட்டி அதற்கு ஒன்றும் சொல்லாமல் ஆடுகளைப் பற்றிக் கேட்டார், அவற்றுக்கு அந்தத் தண்ணீர் ஆகுமா, கறி சாப்பிடலாமா என்று. கால்நடைக்கான வரம்பு மனிதர்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம், கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்த மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? திரும்பி வரும்போது எங்கள் தலைவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மன்னித்தார் என்று நான் நினைத்துக்கொண்டால் அது எனக்கு வசதியாக இருப்பதால்தான். கோபம் என்று நினைத்தாலும் அதே வசதிதான், என் கட்சி ஜெயித்துவிடும்.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் புளோரைடு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், பல்லில் படிந்த கறையே சொல்லிவிடும். தெரிந்தும் அதே கைப்பம்பில்தான் குடத்தை வைத்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-ல். தெரிந்தும் வேறு வழியில்லாமல் குடிப்பது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வகையில் எங்கள் தலைவர் பேசியது என் ஊர் நியாயம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: என் அம்மா மழைத் தண்ணீரைப் பிடித்துத் தனியாக மூடி வைத்து, கைக்குழந்தையாக இருந்த என் தங்கைக்கு மட்டும் அதைக் கொடுத்தார். எந்தத் திட்டமும் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. தெரிந்ததால் அவரால் அவ்வளவு முடிந்தது. அந்த வீட்டிலும் சின்னக் குழந்தை ஒன்று இருந்தது.

எங்கள் ஆய்வகத்தோடு தொடர்பில்லாத இன்னொரு தினே நீரியலாளர் கார்லெட்டா சீஃப். 2015 ஆகஸ்ட் 5-ம் தேதி கொலராடோவில் கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து ஒரு கோடி லிட்டருக்கும் மேல் அமிலக் கழிவு உடைத்துக்கொண்டு ஓடி, அனிமாஸ் ஆறு மஞ்சளாகி, சான் ஹுவான் ஆறு வழியாக நவாஹோ நிலத்துக்கு வந்தது. ஆற்றோரம் நடைப்பயணம் போகிறவரை மனதில் வைத்துத்தான் அரசு ஆபத்தைக் கணக்கிட்டது. கார்லெட்டாவின் குழு மக்களிடம் கேட்டபோது, அந்த ஆற்றோடு அவர்களுக்கு 43 விதமான புழக்கம் இருப்பது தெரிந்தது. முடிவுகளை ஊர்க் கூட்டங்களில் நேரில் போய்ச் சொன்னார்கள். எங்கள் தலைவரின் வழியும் அதுதான். நேரில் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகும்வரை உள்ள நாட்களைப் பற்றித்தான் என் சந்தேகம்.

அந்த நாட்கள் யாருடையவை? பாட்டிக்காகக் காத்தோம் என்கிறோம், ஆனால் பாட்டியிடம் கேட்டுவிட்டுக் காக்கவில்லை. இப்படி எழுதும்போது நான் சரியாகத்தான் பேசுகிறேன் என்று நினைக்கிறேன். உடனே இன்னொன்று வருகிறது: அன்று நான் கூப்பிட்டிருந்தால், பீப்பாய்க்கும் வண்டிக்கும் நான் எங்கே போயிருப்பேன்? எனக்கு அங்கே யாரைத் தெரியும்?

இப்போது இருக்கும் ஆய்வகத்தில் முடிவுகளைத் தெரிவிப்பதற்கான விதிகளை எழுதும் வேலை எனக்கு வந்தது. வரம்பை மீறிய எண் உறுதியானால் அன்றே வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி, கருத்துக் கேட்டு அவருக்கு அனுப்பினேன். பக்கம் பக்கமாகத் திருத்தி அனுப்பினார். பக்கத்து நல்ல குழாய் எத்தனை மைல், மழை பெய்தால் அந்த மண் ரோட்டில் வண்டி போகுமா, போனை எடுப்பது யார், அவர் எந்த மொழியில் வீட்டாரிடம் சொல்வார், அடுத்த நாள் போக ஆள் உண்டா. முக்கால்வாசியைச் சேர்த்துக்கொண்டேன். ‘அன்றே’ என்பதை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. அவருடைய ஆய்வகத்தில் மட்டும் இன்னும் நேரில் போய்த்தான் சொல்கிறார்கள்.