நெத்தில பெட்டி தூக்குற கேம்ப்

கனடால ஒன்டாரியோ மாகாணத்துல டெமகாமி ஏரி, அதுல ஒரு தீவுல கீவேடின்னு, பசங்கள படகுல ஏரி ஏரியா கூட்டிட்டுப் போற ஒரு சம்மர் கேம்ப் இருக்கு. 1893ல கிரெக் கிளார்க்னு ஒருத்தர் அமெரிக்கால ஆரம்பிச்சது, அப்புறம்தான் இந்த ஏரிக்கு வந்துச்சு. இன்னைக்கும் மரச்சட்டத்துல கான்வாஸ் துணிய இழுத்துக் கட்டி பெயின்ட் அடிச்ச படகுதான். சமையல் சாமான் எல்லாம் வானிகன்னு ஒரு மரப்பெட்டில, ஒரு ஏரி முடிஞ்சு அடுத்த ஏரி வர்ற வரைக்கும் காட்டுப்பாதைல அந்தப் பெட்டிய ஒரு பட்டையால நெத்தில மாட்டி முதுகுல சுமந்துட்டு நடக்கணும், சின்னப் பசங்க உள்பட!! கழுத்து என்னத்துக்கு ஆகும்னு தோணுது, ஆனா ஒருத்தன் டபாய்ச்சா மொத்த டீமுக்கும் சோறு லேட்டு, அதனால யாரும் சொல்லாமலே கை கொடுக்கப் பழகிடுவாங்க போல. பெரிய பசங்க ஹட்சன் பே வரைக்கும் துடுப்பு போட்டே போறாங்க.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் இருக்கு. அந்த நெத்திப்பட்டை, படகு, வழி எல்லாமே அங்க இருந்த அனிஷினாபே பூர்வகுடி மக்களோட அறிவு, ஆரம்பத்துல வழிகாட்டிங்களா போனவங்கள்லயும் அவங்க இருந்தாங்க. வரலாறுன்னு வந்தா நிறுவனர் பேர்தான் முதல்ல நிக்குது.

ஃபீஸ் பாத்தேன், தலை சுத்திருச்சு, அது தனி கதை 😅