சோக் இல்லாத வண்டியில் சோக்

சான் ஹோசேயில் புகைச் சோதனைக் கடைக்காரர் நீட்டிய தாளில் கார்பன் மோனாக்சைடு 3.41 சதவீதம் என்று இருந்தது. அனுமதித்த அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே. "வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

என்னுடையது 1991 டொயோட்டா பிக்கப். 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், 22ஆர்-ஈ என்ஜின். கலிஃபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்த ஸ்மாக் செக் உண்டு. 2000 மாடலிலிருந்து வந்த வண்டி என்றால் கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் பகுதியில் 1999 வரையிலான வண்டிகளை உருளைகள் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓட்டி, பின்குழாயில் ஒரு கம்பியைச் சொருகி அளப்பார்கள். தேறாவிட்டால் பதிவுப் புதுப்பிப்பு கிடையாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு இது அதிர்ச்சியில்லை. கேலனுக்கு 22 மைல் கொடுத்த வண்டி 14-க்கு வந்திருந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியது ஆறுக்கு இறங்கிவிட்டது. சிக்னலில் நின்றால் பெட்ரோல் நெடி. ஆயில் அளவுக் கம்பியை உருவி மோந்தால் அதிலும் அதே வாசனை.

அன்றிரவு அப்பாவிடம் பேசினேன். திருநெல்வேலியில் இருபது வருடம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர்.

"ப்ளக்கக் கழட்டிப் பாத்தியாலே?"

"பாத்தேன்ப்பா. நாலும் கரி. அடுப்புக்கரி மாதிரி உதிருது."

"அப்போ சோக்க உள்ள தள்ளாம ஓட்டுத போலிருக்கு."

சிரித்துவிட்டேன். பழைய வண்டிகளில் குளிரில் ஸ்டார்ட் செய்ய, கலவையில் பெட்ரோலைக் கூட்ட வெளியே இழுக்கும் குமிழ்தான் சோக்; சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இது இன்ஜெக்‌ஷன் வண்டி, இதில் சோக்கே கிடையாது, பெட்ரோலை அளந்து தெளிப்பதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவர் "சரிலே" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளை ஒழுங்காகப் படித்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அதிகம், எரியாத ஹைட்ரோகார்பன் கொஞ்சம் அதிகம், நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் மிகக் குறைவு, பத்து லட்சத்தில் 140 பங்கு. பெட்ரோல் கூடி காற்று குறைந்தால் உள்ளே எரியும் சூடு குறையும், அதனால் நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். அதாவது தீப்பொறிக் கோளாறு இல்லை, கலவைதான் ரிச், பெட்ரோல் மிகை. வண்டி எண்ணைக் கொடுத்தால் பழைய ஸ்மாக் முடிவுகளை அரசுத் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு வருடம் முன்பு எல்லாம் சுத்தம். இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

நான் செய்த முதல் காரியமே தப்பு. ஒரு பட்டறையில் கேட்டதற்கு, பார்க்காமலேயே "ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கும்" என்றார்கள். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது. வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகுதான் புத்தி வந்து, காசு செலவில்லாத சோதனைகளை வரிசையாகத் தொடங்கினேன்.

பானெட்டுக்குள் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் டிஇ1, ஈ1 என்ற இரண்டு துளைகளை ஒரு ஒயர்த் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு கண்சிமிட்டிப் பழுதின் எண்ணைச் சொல்லும். என்னுடையது நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டியது. அப்படியென்றால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பழுதே இல்லை!

காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் ஈரம் இல்லை. இரவல் மீட்டர் வைத்து அளந்ததில் குழாய் மாட்டியிருக்கும்போது 30 பிஎஸ்ஐ, கழற்றினால் 38. சரியான அளவு. இந்த என்ஜினில் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கென்றே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தனியாக ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது ஒழுகினாலும் இதே கரும்புகைதான். அதைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் தொங்கவிட்டு பம்ப்பை ஓடவிட்டேன். நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. இரண்டு நிமிடம் பார்த்தும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

மிச்சம் இருந்தது காற்றை அளக்கும் பெட்டி. உள்ளே ஒரு கதவு, அதற்கு ஒரு ஸ்பிரிங். கறுப்பு மூடியைப் பெயர்த்து ஸ்பிரிங்கின் பல்சக்கரத்தை நாலு பல் இறுக்கினால் கலவை மெலியும், டெஸ்ட்டும் தேறிவிடும் என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். செய்திருந்தால் கோளாறு அப்படியே இருக்க, அதன் மேல் இன்னொரு கோளாறை ஏற்றியிருப்பேன். மூடியில் கைவைக்கவில்லை.

வழி காட்டியது ஒரு ஜனவரிக் காலை. குளிரில் வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகி, பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. புகை இல்லை, திக்கல் இல்லை. பத்து நிமிடம் ஓடிச் சூடு ஏறிய பிறகுதான் பெட்ரோல் நெடியும் தடுமாற்றமும். குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், சூடான பிறகு அதைக் குறைக்க வேண்டும். இந்த வண்டி குறைக்கவே இல்லை. தெருவில் நின்றபடியே அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. சோக்கை உள்ளே தள்ளாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டேஷ்போர்டில் வெப்பமுள் எப்போதும் நடுவிலேயே நின்றதால் அந்தப் பக்கம் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்த முள்ளுக்கு வேறு சென்சார், ஒற்றை ஒயர் போகும். கம்ப்யூட்டருக்குச் சொல்வது இரண்டு ஒயர் உள்ள இன்னொன்று. அது, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்களுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் ஒளிந்திருக்கும். முள்ளுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியவேண்டும் என்று கட்டாயமில்லை.

சூடான என்ஜினை ஓடவிட்டே, விரலைச் சுட்டுக்கொண்டு அந்தச் சென்சாரின் ஒயர் ப்ளக்கை உருவினேன். என்ஜின் விளக்கு எரிந்தது, தடுமாற்றம் அடங்கிச் சீராக ஓடத் தொடங்கியது. சென்சாரைப் பிடுங்கினால் வண்டி நன்றாக ஓடுகிறது! காரணம் இதுதான்: சென்சாரிலிருந்து தகவலே வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் 80 டிகிரி செல்சியஸ் என்று தானாகவே வைத்துக்கொள்ளும். ஒப்புக்கொள்ளும்படியான பொய் வந்தால் நம்பிவிடும்.

அந்தப் பொய் எங்கே பிறந்தது என்பதற்கு மல்டிமீட்டர் போதுமாக இருந்தது. சென்சாரின் கால்களில் நேரடியாக அளந்தால் 0.3 கிலோ ஓம், சூடான என்ஜினுக்குச் சரியான அளவு. ப்ளக்கை மாட்டிவிட்டு, பயணி கால் வைக்கும் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டரின் கனெக்டரைக் கழற்றி, அந்த முனையில் அளந்தால் 2.2 கிலோ ஓம். அது 20 டிகிரிக்குரிய அளவு. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, வழியில் ஒயர் திரித்திருக்கிறது. ப்ளக்கைப் பிரித்துப் பார்த்தேன். பித்தளைக் குத்துவிளக்கில் பிடிப்பதுபோல உள்ளே பச்சைக் களிம்பு.

ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியும் பயனில்லாமல் போனதற்கும் இதுதான் காரணம். என்ஜின் குளிராக இருப்பதாக நினைக்கும் வரை கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்காது.

ஒயரோடு வரும் புது ப்ளக் 12 டாலர். பழையதை வெட்டி, பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். இன்டேக்குக்கு அடியில் கைவிடத்தான் மூன்று மணி நேரம். பெட்ரோல் கலந்த ஆயிலையும் கரி பிடித்த ஸ்பார்க் ப்ளக்குகளையும் மாற்றினேன். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு அதே கடைக்குப் போனேன். கார்பன் மோனாக்சைடு 0.08. நைட்ரஜன் ஆக்சைடு 140-லிருந்து 512-க்கு ஏறியிருந்தது, அதுவும் வரம்புக்குள்தான். கழற்றிய பழைய ஆக்ஸிஜன் சென்சாரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. நல்ல சரக்கு, சீட்டுக்கு அடியில் துணி சுற்றிக் கிடக்கிறது.