இரண்டு கிலோ

வியாசர்பாடியில் ஒரு குத்துச்சண்டை கிளப்புக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். படித்தது விளையாட்டு அறிவியல். அங்கே எனக்குப் பெயர் ‘வெயிட் பாக்குற அக்கா’.

போட்டிக்காக 50 கிலோவிலிருந்து 48 கிலோ பிரிவுக்கு இறங்க வேண்டிய ஒரு பெண் இருந்தாள். பதினேழு வயது. வாராவாரம் எடை குறைந்தது. நானும் நோட்டில் ‘சூப்பர்’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒருநாள் முழங்காலுக்குக் கீழே வலி என்றாள். மாஸ்டர் தைலம் தேய்க்கச் சொன்னார். ஸ்கேனில் பார்த்தால் எலும்பில் கீறல்.

அப்புறம்தான் உட்கார்ந்து பேசினேன். பீரியட்ஸ் நின்று ஐந்து மாதமாம். “மேட்ச் நேரத்துல தொல்ல இல்லன்னு விட்டுட்டேங்க்கா.” நாடித்துடிப்பு, குதிக்கும் உயரம் எல்லாவற்றுக்கும் என் நோட்டில் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை.

கணக்கு சின்னதுதான். ஒரு நாளில் சாப்பிட்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். 45 வந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே போனால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும்; மாதவிடாய் நிற்கலாம், எலும்பு பலம் இழக்கலாம். அவள் சாப்பிட்டது சுமார் 1,500, பயிற்சிக்குப் போனது 500, கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ. விடை 25. விடிகாலையில் லாரித் தண்ணீர் பிடித்து ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு அவள் தூக்கிப்போகும் குடங்கள் இந்தக் கணக்கிலேயே வராது.

வறுமைதான் காரணம் என்று நினைத்துத்தான் வீட்டுக்குப் போனேன். குண்டானில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “நான் போடுறேம்மா, அவதான் ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டேங்குறா. அக்கா வெயிட் பாக்க வருவாங்கன்னு சொல்றா” என்றார் அவள் அம்மா. எனக்குப் பேச்சு வரவில்லை.

மூன்று மாதம் பயிற்சி கிடையாது என்றார் டாக்டர். இனி 48 வேண்டாம், மேல் பிரிவிலேயே இறக்கலாம் என்று மாஸ்டரிடம் சொன்னேன். “வயிறு நெறஞ்சா கை ஓடாதும்மா” என்று முனகினாலும் ஒத்துக்கொண்டார்.

பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் வரும் இந்தச் சக்திப் பற்றாக்குறைக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ‘ரெட்-எஸ்’ என்று பெயர் வைத்தபோது ஆண்களையும் சேர்த்தே சொன்னது. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். பையன்களிடம் அதைக் கேட்கத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் ஒருவன் வியர்த்து எடை குறையட்டும் என்று வெயிலில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

“காலைல என்னடா சாப்ட்ட?”

“டீ-க்கா.”