ஒரே வருடத்தில் இரண்டு கணக்கு

நாங்கள் நியூ ஜெர்சி வந்து இறங்கியது ஜூலைக் கடைசியில். மகள் தாம்பரத்தில் சிபிஎஸ்இ ஒன்பதாவது முடித்திருந்தாள். இங்கே அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது. ஆனால் குடியிருக்கும் ஊர்ப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். அதனால் அவர்கள் முதலில் கேட்டது மார்க் ஷீட்டை அல்ல, வாடகை ஒப்பந்தத்தையும் கரண்ட் பில்லையும்.

அப்புறம் தடுப்பூசி அட்டை, காசநோய்ச் சோதனை. பிசிஜி போட்ட நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை, கிருமி இல்லாவிட்டாலும் தடித்துக் காட்டிவிடலாம். ரத்தச் சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை என்று டாக்டர் சொன்னார். நேரே அதையே எடுத்தோம்.

இதெல்லாம் சுலபம். மாட்டிக்கொண்டது கணக்கில்.

இங்கே அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று வருடத்துக்கு ஒன்றாகப் படிக்கிறார்கள். நம் பாடத்தில் எல்லாம் கலந்து வரும். மார்க் ஷீட்டில் ‘மேத்தமேட்டிக்ஸ்’ என்று ஒரே வரி. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்று ஒதுக்கும் பள்ளிக் கவுன்சலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அல்ஜீப்ரா 1-இல் போட்டார். நல்ல பெண்மணிதான், அவர் கையில் இருந்தது அந்த ஒரு வரி. நான் விரல்விட்டு எண்ணினேன். பத்தாவதில் அல்ஜீப்ரா 1 என்றால் பன்னிரண்டாவது அல்ஜீப்ரா 2-வோடு முடிந்துவிடும். கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படிக்க வைக்கும் ஏபி வகுப்புகளில் கால்குலஸ் அவளுக்கு எட்டவே எட்டாது.

அன்று இரவு அவள் படித்த என்சிஇஆர்டி கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இந்த ஊர்ப் பெயரை எழுதினேன். பல்லுறுப்புக் கோவை, இரு மாறிச் சமன்பாடு எல்லாம் அல்ஜீப்ரா. முக்கோணம், வட்டம் ஜியோமெட்ரி. மறுநாள் அந்தத் தாளைப் பார்த்ததும் கவுன்சலர், “சரி, பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதட்டும்” என்றார். எந்தக் கணக்கு வகுப்பில் போடலாம் என்று முடிவு செய்யும் பரீட்சை அது.

பத்து நாள் அவகாசம். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம் நமக்குப் பத்தாவதில்தான் வரும், உட்கார்ந்து போட்டாள். அதைவிடப் படுத்தியது கிராஃபிங் கால்குலேட்டர். கணக்குப் பரீட்சையில் கால்குலேட்டரையே தொடாத பிள்ளை. வரைபடம் திரைக்கு வெளியே ஓடிவிட, “அப்பா, கோடு காணோம்” என்று அரை மணி நேரம் தேடினோம். திரையில் வரைபடத்தின் அளவை மாற்றினால் போதும் என்பது பிறகுதான் புரிந்தது.

தேறிவிட்டாள். ஜியோமெட்ரியும் அல்ஜீப்ரா 2-வும் இந்த வருடம் சேர்த்தே படிக்கலாம் என்று கவுன்சலரே வழி சொன்னார். அடுத்த வருடம் ப்ரீகால்குலஸ், அதற்கடுத்து ஏபி கால்குலஸ்.

இரண்டு கணக்குக்கும் இடம் வேண்டுமே! உடற்பயிற்சியை எடுக்க முடியாது, இங்கே அது வருடா வருடம் கட்டாயம். ஓவிய வகுப்பு போனது. அதை அவளிடம் கேட்காமல் தலையாட்டியது என் தப்பு. இப்போது ஜியோமெட்ரி நோட்டின் ஓரமெல்லாம் பூனைப் படம். எல்லாப் பூனைக்கும் என் கண்ணாடி.